மூளைக் கட்டிக்கு நானோ மருந்து: நகையை விற்கலாமா?

அத்தானுக்கு கிளையோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றுநோய் என்று எழுதியிருக்கிறீர்கள். நானோ மருந்து ஏற்றினால் அது நேராகக் கட்டிக்குள் போய்விடும் என்று யாரோ சொன்னதை நம்பி, அக்கா நகையை விற்கலாமா என்று கேட்கிறீர்கள். இப்போது விற்க வேண்டாம்.

புற்றுநோய் மருந்துகளைக் கலந்து கொடுக்கும் அறையில் பதினோரு வருடமாக வேலை செய்கிறேன். நானோ மருந்து எனக்கு அன்றாடக் கைவேலை. பாக்ளிடாக்செல் என்ற புற்றுநோய் மருந்தை ஆல்புமின் புரதத்தோடு பிணைத்து, சுமார் 130 நானோமீட்டர் துகள்களாக்கி, பொடியாகக் குப்பியில் அடைத்து அனுப்புகிறார்கள். 100 மில்லிகிராம் குப்பிக்கு 20 மில்லி சலைன். அதைக் குப்பியின் உள்சுவர் வழியே, ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் மெல்ல இறக்க வேண்டும். பொடியின்மேல் நேராகப் பீய்ச்சினால் நுரைத்துவிடும். ஐந்து நிமிடம் ஊறவிட்டு மெதுவாகச் சுழற்றினால் பால் போல வெளுத்து வரும். மார்பகப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் 2005இலேயே அனுமதி பெற்ற மருந்து இது.

இதே மருந்தை அத்தானுக்கு ஏற்றினால் மூளைக்குள் போதிய அளவு போகாது. மூளையின் ரத்தக் குழாய்ச் சுவரில் செல்கள் ஒன்றோடொன்று அப்படி இறுகியிருக்கின்றன. ஜெர்மன் விஞ்ஞானி பவுல் எர்லிக் 1885இல் விலங்குகளின் ரத்தத்தில் சாயம் ஏற்றியபோது மற்ற உறுப்புகளெல்லாம் நிறம் பிடித்தன, மூளையில் மட்டும் ஏறவில்லை. தப்பித் தவறி நுழையும் பாக்ளிடாக்செலையும் அந்தச் செல்களில் உள்ள ஒரு புரதம் திரும்ப ரத்தத்துக்கே இறைத்துவிடுகிறது. கட்டியின் நடுவில் இந்தச் சுவர் ஓரளவு ஓட்டை விழுந்திருக்கும் என்பது உண்மைதான். ஆனால் அறுவை சிகிச்சையில் அந்த நடுப்பகுதியைத்தான் எடுத்துவிடுகிறார்களே. சுற்றியுள்ள திசுவில் பரவி ஒளிந்திருக்கும் செல்களுக்குத்தான் மருந்து வேண்டும். அங்கே சுவர் பெரும்பாலும் கெட்டியாகவே இருக்கிறது.

என்னை நிமிர்ந்து உட்கார வைத்த செய்தி 2023இல் சிகாகோவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. கட்டி திரும்பி வந்த 17 பேருக்கு, அறுவை சிகிச்சையின்போதே மண்டையோட்டில் ஒன்பது முனைகள் கொண்ட அல்ட்ராசவுண்ட் கருவியைப் பொருத்தினார்கள். பிறகு ரத்தத்தில் நுண்குமிழ்களை ஏற்றி, சில நிமிடங்கள் கருவியை இயக்கினார்கள். குமிழ்கள் அதிர்ந்து சுவரை நெகிழ்த்த, மருந்து உள்ளே போனது. நான் தினமும் கலக்கும் அதே ஆல்புமின் பாக்ளிடாக்செல்தான். எட்டிய உச்ச அளவும் மார்பகப் புற்றுநோய்க்குத் தருகிற அதே 260 மில்லிகிராம், உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு. ஒலி பட்ட மூளைத் திசுவில் மருந்து 3.7 மடங்கு கூடுதலாக இருந்தது. திறந்த சுவர் ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் மூடிக்கொண்டது. படித்த அன்று குப்பியைச் சுழற்றும்போது கை கொஞ்சம் நின்றது. ஆனால் அது பாதுகாப்பையும் அளவையும் அறியச் செய்த முதல் கட்ட ஆய்வு. ஆயுள் நீள்கிறதா என்பதைச் சொல்ல 17 பேர் போதாது.

இன்று அத்தானுக்குக் கையில் இருப்பது கதிர்வீச்சும், டெமோசோலமைடு என்ற புற்றுநோய் கேப்ஸ்யூலும். டெமோசோலமைடு மிகச் சிறிய மூலக்கூறு, ஓரளவு தானாகவே சுவரைக் கடக்கும். 2005இல் வெளியான பெரிய ஆய்வில், கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 10.4 சதவீதம் பேரும், இந்த மருந்தையும் சேர்த்துப் பெற்றவர்களில் 26.5 சதவீதம் பேரும் இரண்டு ஆண்டுகளைக் கடந்தார்கள். என் பெரியம்மாவுக்கும் இதே நோய்தான். இரவு ஒன்பதரைக்கு வாந்தித் தடுப்பு மாத்திரை, பத்து மணிக்கு வெறும் வயிற்றில் கேப்ஸ்யூல். விழுங்கச் சிரமப்பட்டாலும் அதைப் பிரித்துக் கொட்டக் கூடாது. வேளை தவறாமல் பார்த்துக்கொள்ள ஒருவர் கூடவே இருக்க வேண்டியிருந்தது.

நானோ சிகிச்சை என்று சொன்னவரிடம் ஒன்று கேளுங்கள். இந்தியாவில் மருத்துவ ஆய்வு எதுவானாலும் 2009 முதல் சிடிஆர்ஐ எனும் மருத்துவ ஆய்வுகளுக்கான அரசுப் பதிவேட்டில் பதிவாகியிருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணை எழுதித் தரச் சொல்லி, அத்தானின் புற்றுநோய் மருத்துவரிடம் காட்டுங்கள். எண் இல்லை என்றால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். எண் கிடைத்தால் இங்கே எழுதுங்கள், சேர்ந்து படித்துப் பார்ப்போம்.