கண்மாய்க் கரையில் உப்புக்கொத்தியைப் படமெடுப்பது குறித்து

வணக்கம் ஐயா. மதுரை அருகே சாமநத்தம் கண்மாயில் எடுத்த, பட்டாணி உப்புக்கொத்தி என்னும் சிறு கரைப்பறவையின் படங்களில் மார்பின் வெண்மை வெளிறிப்போவதாகவும், பறவை சேற்றோடு கலந்து தட்டையாகத் தெரிவதாகவும் எழுதியிருந்தீர்கள். முதல் குறைக்கு, எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியை, 0.7 ஸ்டாப் (ஒளியளவின் படி) குறைத்து, காலை 8 மணிக்குள் எடுத்து முடியுங்கள். இரண்டாவதற்குக் காரணம், நீங்கள் கரைமேல் நின்று எடுத்ததே. ஈரத்தைப் பொருட்படுத்தாமல் தரையோடு படுத்து, லென்ஸைப் பறவையின் கண்மட்டத்துக்குக் கொண்டுவந்தால், பின்னணி மங்கி, கண்ணைச் சுற்றிய மஞ்சள் வளையம் துலங்கும். சிறிது ஓடி, சட்டென நின்று, குனிந்து கொத்துவது அதன் இயல்பு என்பதால், துரத்தாமல் அது நிற்கும் கணத்துக்காகக் காத்திருங்கள். ஒன்றை மட்டும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்: அது சிறகொடிந்ததுபோல் நடித்து உங்களை விலக்கி இழுத்தால், வெறுந்தரையில் இட்ட முட்டைகளோ குஞ்சுகளோ அருகில் இருக்கும், படத்தை விட்டுவிட்டு, வந்த தடத்திலேயே கால்வைத்துத் திரும்பிவிடுங்கள்.