விளம்பர ஏஜென்சியில் 12 வருடம் ஆகிவிட்டது. கிளையன்ட் பக்கமோ (விளம்பரம் கொடுக்கும் நிறுவனம்), டெக் பக்கமோ (தொழில்நுட்ப நிறுவனம்) மாறலாமா?

மாறலாம். ஆனால் வேலை குறையும் என்று நினைத்துப் போகாதீர்கள்.

ஏஜென்சியில் காலையில் பிஸ்கட், மதியம் வங்கி, ராத்திரி புது கிளையன்ட்டைப் பிடிக்க ஒரு பிட்ச். கிளையன்ட் பக்கம் வருடம் முழுக்க அதே பிஸ்கட்தான். நான் மாறியபோது முதல் மூன்று மாதம் விளம்பரமே செய்யவில்லை. பாக்கெட்டின் நிறத்தைக் கொஞ்சம் மாற்ற விற்பனை, சட்டம், நிதி என்று ஒவ்வொரு மேசையாக ஒப்புதலுக்கு அலைந்தேன். அங்கே ஐடியா கொடுப்பவரைவிட பட்ஜெட்டைக் காப்பாற்றத் தெரிந்தவருக்குத்தான் மதிப்பு. (பழக மனசுக்கு நாளாகும்.)

டெக் வேறு கதை. உங்கள் ரசனையை யாரும் கேட்க மாட்டார்கள். இரண்டு விளம்பரங்களை ஓடவிட்டு எதில் அதிகம் பேர் வாங்கினார்கள் என்று பார்ப்பார்கள். பதவிப் பெயர் ஒரு படி இறங்கலாம், அது பரவாயில்லை. சம்பளத்தைத்தான் கவனிக்க வேண்டும். அதில் ஒரு பகுதி நிறுவனத்தின் பங்காக (ஷேர்) வரும். பெரும்பாலும் 4 வருடத்தில் பிரித்துத் தருவார்கள். பல இடங்களில் முதல் வருடம் முடியும் முன் கிளம்பினால் அந்தப் பங்கில் ஒன்றும் கிடைக்காது. அதனால் மாதம் கையில் வரும் தொகையை வைத்து முடிவெடுங்கள்.

அப்புறம் போர்ட்ஃபோலியோ, அதாவது நீங்கள் செய்த வேலைகளின் தொகுப்பு. விருதுகளைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளிவிட்டு, என்ன சிக்கல், நீங்கள் செய்தது என்ன, விற்பனை என்ன ஆனது என்பதை முன்னால் வையுங்கள்.