அந்த ஒரு நிமிடத்தை வெட்டாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தேனி மாவட்டத்தில் மகளிர் குழுக்களோடு வேலை செய்கிறோம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பற்றி 22 நிமிடக் குறும்படம் எடுத்தோம். சோதனைக்குப் போகாமல் தள்ளிப்போட்ட ஒரு தாய், நோய் முற்றி இறந்துபோகும் கதை. நான்கு ஊர்களில் காட்டினோம். பெண்கள் அழுதார்கள். அடுத்த வாரம் ஆரம்ப சுகாதார நிலைய முகாமுக்கு வந்தவர்கள் ஆறே பேர். தெரிந்த நடிகை யாரையாவது வைத்துத் திரும்ப எடுக்கலாமா? ஆண்களையும் உட்கார வைக்கலாமா? தடுப்பூசியையும் இதிலேயே சேர்க்கலாமா?

க.

அன்புள்ள க.,

நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். அந்தத் தாயாக நடித்த பெண்ணின் முகம் மனசை விட்டுப் போகாது. அவ்வளவு உண்மையாக எடுக்கத் தெரிந்தவர்கள் இப்படிச் செய்துவிட்டீர்களே என்றுதான் கோபம்.

நடிகை வேண்டாம். ஊர் நடிகையைப் பற்றிப் பேசும், சோதனையைப் பற்றிப் பேசாது. தடுப்பூசிக்குத் தனியாக ஒரு படம் எடுங்கள். அது 9 முதல் 14 வயதுப் பெண்பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கானது.

உங்கள் படத்தில் சுடுகாட்டுக் காட்சி நாலு நிமிடம் ஓடுகிறது. சோதனைக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்? ஒரு கதவு மூடுகிறது, அடுத்த காட்சியில் டாக்டர் காகிதத்தைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறார். பதினோரு நொடி. அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன நடக்கும் என்பதுதான் அந்தப் பெண்களின் பயமே. அதை மூடிவிட்டுச் சாவைக் காட்டினால், பார்த்தவள் வீட்டுக்குப் போய் மஞ்சள் துணியில் காசு முடிந்து வைப்பாள். முகாமுக்கு வரமாட்டாள்.

இன்னொரு தப்பு. படத்துத் தாய்க்கு முதலில் வெள்ளைப்படுகிறது, பிறகு உறவுக்கப்புறம் ரத்தம் போகிறது, அப்போதும் அவள் போகவில்லை. பார்க்கிறவள், ‘எனக்கு அப்படி ஒண்ணும் இல்லையே’ என்று எழுந்து போய்விடுவாள். நாம் கண்டுபிடிக்க வேண்டியது புற்றுக்கு முந்தைய மாற்றத்தை. இந்தப் புற்றுக்குக் காரணமான HPV வைரஸ் தொற்றி அது புற்றாக மாறப் பெரும்பாலும் பத்து முதல் இருபது வருஷம் ஆகும். அத்தனை வருஷமும் வலியோ ரத்தமோ எதுவும் இருக்காது. உடம்புக்கு ஒன்றுமில்லாத, முப்பது தாண்டிய பெண்தான் வரவேண்டும். உங்கள் கதாநாயகி அவளாகத்தான் இருக்க வேண்டும். அவள் சாகக் கூடாது.

இப்போது அந்த அறைக்குள் வாருங்கள். சிறுநீர் கழித்துவிட்டு வந்து படுக்கிறாள். முழங்காலை மடக்கியதும் மேலே துணி போர்த்துகிறார்கள். வாத்தின் அலகு மாதிரி இருக்கும் ஸ்பெகுலத்தை நர்ஸ் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து உள்ளே வைக்கிறார். டார்ச் அடித்துப் பார்க்கிறார். 5 சதவீத அசிட்டிக் அமிலத்தில் தோய்த்த பஞ்சைக் கர்ப்பப்பை வாயில் ஒற்றி எடுக்கிறார். அமிலம் என்றதும் பயப்படுவார்கள். வினிகர் அளவுப் புளிப்புதான், லேசாக எரியலாம் என்று நர்ஸ் வாயாலேயே சொல்ல வையுங்கள். பிறகு ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். மாறிப்போன செல்களில் புரதம் அதிகம். அமிலம் பட்டு அது உறைந்து வெள்ளையாகத் தெரிய அவ்வளவு நேரம் பிடிக்கும். அவசரப்பட்டுப் பார்க்கிற நர்ஸ் தவற விடுவது இங்கேதான்.

அந்த அறுபது நொடியை ஒரே ஷாட்டில், வெட்டாமல் எடுங்கள். உள்ளே எதையும் காட்ட வேண்டாம். கேமரா அவள் முகத்திலேயே இருக்கட்டும். ஸ்டீல் தட்டில் கருவி வைக்கும் சத்தம் கேட்கட்டும், அந்தச் சத்தத்துக்குத்தான் பாதிப் பேர் பயப்படுகிறார்கள். ‘உங்களுக்குப் பொறந்த ஊரு எது?’ என்று நர்ஸ் கேட்கட்டும். மின்விசிறி சுற்றட்டும். பின்னணி இசை கூடாது. எடிட்டர் ‘இழுக்குது’ என்பார், கேட்காதீர்கள். உட்கார்ந்து பார்க்கிற இருபது பெண்களும் அவளோடு சேர்ந்து அந்த ஒரு நிமிடத்தைக் கடந்துவிட்டால், மறுநாள் அந்த அறை அவர்களுக்குத் தெரிந்த இடம்.

வெள்ளை தெரிந்தால் புற்று என்று அர்த்தமில்லை. இதையும் படத்திலேயே சொல்ல வேண்டும். ஒட்டன்சத்திரம் பக்கம் அம்பிளிக்கையை மையமாக வைத்து 2000இல் தொடங்கிய திண்டுக்கல் ஆய்வில், அழைக்கப்பட்ட 49,311 பெண்களில் 31,343 பேர் இதே சோதனைக்கு வந்தார்கள். சோதித்தவர்கள் பயிற்சி பெற்ற நர்ஸ்கள். ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு வெள்ளை தெரிந்தது. அவர்களில் புற்று இருந்தவர்கள் மிகக் கொஞ்சம். சோதனைக்கு அழைக்காத ஊர்களோடு ஒப்பிட்டால், அந்த ஊர்களில் இந்த நோயால் ஏற்படும் சாவு 35 சதவீதம் குறைவு. சோதனை செய்துகொண்டவர் தமிழ்நாட்டில் எத்தனை பேர் என்றால், 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புப்படி 30 முதல் 49 வயதுப் பெண்களில் 9.8 சதவீதம்தான்.

‘கர்ப்பப்பையை எடுத்துருவாங்க’ என்ற பயத்துக்கும் படத்தில் பதில் இல்லை. முன்மாற்றம் என்றால், பல பேருக்கு அந்த இடத்தை மட்டும் 100 டிகிரி சூட்டில் சுட்டுவிடுவார்கள். ஒரு முறை வைத்தால் 20 முதல் 30 நொடி. கர்ப்பப்பை அப்படியே இருக்கும், அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம்.

ஆண்கள்? கணவன் வேறொருத்தியிடம் போவது போல ஒரு காட்சி வைத்திருக்கிறீர்கள். எதற்கு? தாம்பத்தியம் உள்ள பெரும்பாலோருக்கு வாழ்நாளில் எப்போதாவது தொற்றுகிற வைரஸ் அது. இதைக் காட்டிய பிறகு முகாமுக்குப் போகிறவளை ஊர் என்ன பேசும்? அந்தக் காட்சியை இன்றைக்கே தூக்குங்கள். ஆண்களுக்கு வேறு நாளில் வேறு கூட்டம் வையுங்கள். பஸ்சுக்குக் காசு கொடுக்கவும் அன்று பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் அவர்கள் வேண்டும்.

திரை கட்டி ஊர் நடுவே போடாதீர்கள். இருட்டினால்தான் படம் தெரியும், அது அவர்கள் உலை வைக்கிற நேரம். மதியம் குழுக் கூட்டம் நடக்கும் வீட்டில், டிவியில் பென்டிரைவைச் செருகிப் போடுங்கள். இருபது பேருக்கு மேல் வேண்டாம். படம் பத்து நிமிடம் போதும். அறைக்காட்சி முடிந்ததும் நிறுத்தி, பிளாஸ்டிக் ஸ்பெகுலம் ஒன்றைக் கையில் கொடுத்துச் சுற்றி அனுப்புங்கள். பக்கத்தில் அந்த ஊர்க் கிராமச் செவிலியர் பெயர்ப் பட்டியலோடு உட்கார்ந்திருக்கட்டும். அடுத்த வாரம் என்று தள்ளாமல், இரண்டு நாளில் முகாம் இருக்க வேண்டும். மாதவிலக்கு நாளில் இருப்பவருக்கு அங்கேயே வேறு தேதி குறித்துக் கொடுங்கள்.

உங்கள் நடிகையையே மறுபடி அழையுங்கள், அந்த முகம் போதும். புதிய படத்தை அனுப்பும்போது அந்த ஒரு நிமிடம் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று எழுதுங்கள். அதை முதலில் பார்க்கிறேன்.

அன்புடன்