டெல்டாவில் வறண்ட நிலத்து ஓணான்கள் உண்டா?

உண்டு. டெல்டா என்றதும் வயலும் வாய்க்காலும்தான் கண்ணில் நிற்கும். ஆனால் வேதாரண்யம் தாண்டி கோடியக்கரைக்குப் போனால் மணல்மேடும் முட்புதரும்தான்.

அங்கே தரையைப் பார்த்தே நடங்கள். விரல் நீளத்தில் மண்நிற ஓணான் ஒன்று பின்னங்காலில் எழுந்து ஓடும். அதுதான் விசிறித் தொண்டை ஓணான். பின்னங்காலில் நான்கே விரல்கள். மற்ற ஓணான்களுக்கு ஐந்து. சித்திரை வெயிலில் ஆண் ஒரு கல் மேல் ஏறி, தொண்டைத் தோலை விரித்து விரித்து மடக்கும். பெண்ணை அழைக்கவும், எதிரியை விரட்டவும் அதே விசிறிதான். 2016இல் இந்த வகையில் புதிதாக விவரித்த இனங்களில் ஒன்றுக்கு ‘விசிறி’ என்றும், இன்னொன்றுக்கு ‘மருதம்நெய்தல்’ என்றும் அறிவியல் பெயர் வைத்தார்கள். படித்தபோது மனசு நிறைந்துவிட்டது.

வேலியில் தலையாட்டுவது சாதாரண ஓணான். உடும்பு வரப்பு வளையிலும் மரப்பொந்திலும் இருக்கும். 1972 வனவிலங்குச் சட்டப்படி அதைப் பிடிப்பதே குற்றம். வைக்கோல் போரடியில் பளபளவென்று நெளிவது அரணை. ‘அரணை கடித்தால் மரணம்’ என்று பயந்து அடித்துவிடாதீர்கள், அதற்கு விஷமே கிடையாது.

விசிறி ஓணானுக்குத் திறந்த வெளி வேண்டும். அந்த மணலில் சீமைக்கருவேலம் அடர்ந்தால் அதற்கு இடமில்லை.