பையன் யூடியூபர் ஆகணும்ங்கறானா? காசு எந்த வழியா வருதுன்னு மொதல்ல பாருங்கம்மா

அம்மா, பிளஸ் டூ முடிச்ச பையன் காலேஜே வேணாம், சேனல்தான்னு ஒத்தக்கால்ல நிக்கிறான்னு எழுதியிருந்தீங்க. திட்டாதீங்க, ஆனா கணக்கு கேளுங்க.

வியூஸ் வந்தாலே காசுன்னு அவன் நெனைக்கிறான், அது இல்ல. வீடியோல ஓடுற விளம்பரத்துக்குத்தான் காசு, அதுக்கும் 1,000 சப்ஸ்கிரைபர் வேணும், கூடவே கடைசி 12 மாசத்துல ஜனங்க 4,000 மணி நேரம் பாத்திருக்கணும், இல்லன்னா 90 நாள்ல ஷார்ட்ஸ்ங்கற குட்டி வீடியோங்க 1 கோடி வியூஸ் தாண்டணும். ஷார்ட்ஸ் ஃபீட்ல ஓடுற நேரம் அந்த 4,000ல சேராது, இது தெரியாம எத்தன பசங்க தெனமும் ஷார்ட்ஸா போட்டுத் தள்றாங்க தெரியுமா? பெரிய வீடியோன்னா விளம்பர வருமானத்துல 55 சதவீதம் நமக்கு, ஷார்ட்ஸ்ல 45 சதவீதம். அதுலயும் லோன், ஷேர் மார்க்கெட்னு பேசுறவங்களுக்கு விளம்பர ரேட் கூட, காமெடிக்கு கம்மி. அமெரிக்கால உக்காந்து பாக்குறவங்க வியூஸுக்கும் நம்ம ஊரு வியூஸுக்கும் ரேட் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம்.

நெறைய பேருக்கு கைல நிக்கிற காசு ஸ்பான்சர்கிட்டருந்துதான் வருது, கடைக்காரங்களும் கம்பெனிக்காரங்களும் நேரா குடுக்கறது. அது மாசாமாசம் வராது, தீபாவளிக்கு முன்னாடி வரும், அப்புறம் ரெண்டு மாசம் ஈ ஓட்டணும்.

வில்லேஜ் குக்கிங் சேனல உதாரணம் காட்டுவான் பாருங்க. புதுக்கோட்டை பக்கத்துலருந்து 2018ல ஆரம்பிச்சு 2021ல 1 கோடி சப்ஸ்கிரைபர் தாண்டுனாங்க, நெஜம்தான், ஆனா அங்க ஒரு தாத்தாவும் பேரன்களுமா ஒரு குடும்பமே வேல பாக்குது. உங்க பையன் ரூம்ல தனியா உக்காந்திருக்கான்.

இன்னொண்ணு, அவனுக்கு 18 ஆகலன்னா ஆட்சென்ஸ் அக்கவுண்ட், அதாவது யூடியூப் விளம்பரக் காசு வந்து சேர்ற கூகுள் கணக்கு, உங்க பேர்லயோ அப்பா பேர்லயோதான் போடணும். வர்ற காசு உங்க வருமானமாத்தான் காட்டும், அதனால ஆடிட்டர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கங்க.

என்னைக் கேட்டா காலேஜ்ல சேத்துடுங்க, பிகாமோ விஸ்காமோ எதுன்னாலும் சரி, சேனல் ஒரு பக்கம் ஓடட்டும். எடிட்டிங் நல்லா வந்துச்சுன்னா சேனல் படுத்தாலும் அந்தக் கைவேலைக்கு ஆள் தேடி வருவாங்க. ஞாயித்துக்கெழம, சேனல் கணக்கெல்லாம் காட்டுற யூடியூப் ஸ்டுடியோ ஆப்ப அவனையே தொறக்கச் சொல்லி, ஒரு வீடியோவ ஜனங்க எத்தன நிமிஷம் பாக்குறாங்கன்னு மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்க, அதப் பாத்துட்டு அவன்கிட்ட நானே பேசுறேன்.