மே மாதத்துக்கு என்ன படிக்கலாம்?

கேள்வி: 'கோடைக்கு லேசான நாவல், குளிர்காலத்துக்குத் தடித்த நாவல்' என்று இணையத்தில் பருவவாரியாகப் பட்டியல் போடுகிறார்களே, அதைப் பார்த்து நானும் பன்னிரண்டு மாதத்துக்கும் ஓர் அட்டவணை தயாரித்திருக்கிறேன். டிசம்பருக்கு எழுநூறு பக்க ரஷ்ய நாவல், ஜூனுக்குத் துப்பறியும் கதை, மழைக்காலத்துக்குக் கவிதை. இது சரியான முறைதானா? மே மாதம் மட்டும் காலியாக இருக்கிறது. அதற்கு ஒரு நூல் சொல்லுங்கள்.
– ஒரு வாசகர், விழுப்புரம்

பதில்: அட்டவணை போட்டதில் தப்பில்லை. ஆனால் யார் ஊர் வெயிலுக்குப் போட்டீர்கள்? 'கோடை வாசிப்பு' என்று ஜூனில் பட்டியல் வருவது லண்டன்காரருக்கும் நியூயார்க்காரருக்கும். அவர்களுக்கு அப்போதுதான் வெயில் தலைகாட்டுகிறது, கடற்கரையில் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டு படிக்கிறார்கள். உங்களுக்கு ஜூன் என்றால் அக்னி நட்சத்திரம் முடிந்து, பள்ளிக்கூடம் திறந்து, ராத்திரி பத்து மணிக்குப் பிள்ளையின் நோட்டுகளுக்குப் பிரவுன் அட்டை போட்டுக்கொண்டிருக்கும் மாதம். துப்பறியும் கதையில் கொலையாளி யார் என்று தெரிவதற்குள் லேபிள் தீர்ந்துபோய்க் கடைக்கு ஓட வேண்டியிருக்கும். டிசம்பர் ரஷ்ய நாவலும் அப்படித்தான். போர்வை, காபி, ஜன்னலுக்கு வெளியே பனி என்றெல்லாம் ஊட்டியில் இருப்பவர் சொன்னால் சரி. நம் கடலோர மாவட்டங்களில் டிசம்பர் என்பது வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்கும் காலம். மெல்போர்னில் இருக்கும் தமிழருக்கோ டிசம்பர்தான் கோடை, இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

நீங்கள் புத்தகத்துக்குள் என்ன பருவம் இருக்கிறது என்று பார்க்கிறீர்கள். வெளியே இருக்கும் பருவம் உங்களுக்கு எத்தனை மணி நேரம் விடுகிறது என்று பார்க்க வேண்டும்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை, உங்கள் ஊரைச் சுற்றியே இருக்கிறது. விழுப்புரம், திருவண்ணாமலை பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைப்பது எப்போது? பெரும்பாலும் பங்குனிக்கும் ஆடிக்கும் நடுவில். அறுப்பு முடிந்து, வயல் வெடித்துக் கிடந்து, அடுத்த விதைப்புக்கு மழை வரும்வரை கையில் வேலை இல்லாத காலம். பிற்பகலில் பிரசங்கியார் வில்லிபுத்தூராரின் பாரதப் பாட்டைச் சொல்லி விளக்குவார், ராத்திரி விடிய விடியக் கூத்து, இப்படி நாள் கணக்காகப் போய்க் கடைசியில் துரியோதனன் சாகும் படுகளம், தீமிதி. பாரதப் போர் மார்கழியில் நடந்தது என்று சொல்வதுண்டு. அதற்காக யாரும் மார்கழி வரை காத்திருக்கவில்லை, சித்திரை வெயிலில்தான் பதினெட்டு நாள் சண்டையையும் கேட்டுத் தீர்த்தார்கள். அவ்வளவு பெரிய நூலுக்கு அவ்வளவு பெரிய ஓய்வு வேண்டியிருந்தது. மலையாளத்தில் கர்க்கடக மாதத்தில், அதாவது ஏறக்குறைய நம் ஆடியில், வீட்டுக்கு வீடு எழுத்தச்சன் ராமாயணம் வாசிக்கிறார்களே, அங்கே அப்போது கொட்டும் மழையில் வெளிவேலை எதுவும் நடக்காது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

மார்கழித் திருப்பாவை, யாழ்ப்பாணத்துக் கோயில்களில் திருவெம்பாவைக் காலத்தில் நடக்கும், மாணிக்கவாசகர் கதையான திருவாதவூரடிகள் புராணப் படிப்பு, இவையெல்லாம் விஷயத்தோடும் மாதம் பொருந்தும் வாசிப்புகள்தானே என்று கேட்பீர்கள். ஆமாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் திருப்பாவையின் அளவைக் கவனியுங்கள். நாளுக்கு ஒரு பாட்டு, பாட்டுக்கு எட்டு வரி. விடியற்காலைக் குளிரில், வாசலில் கோலம் பாதி போட்ட நிலையில், அடுப்பில் பொங்கல் இருக்கும்போது அதற்கு மேல் யாரால் முடியும்?

இந்தக் கணக்கில் உங்கள் வருஷத்தைப் பாருங்கள். தை மாதம் சென்னைப் புத்தகக் காட்சியில் (1977-இலிருந்து நடக்கிறது) இரண்டு கை நிறையப் பை தொங்க வாங்கி வருகிறோம். மாசி, பங்குனியில் பிள்ளைகளுக்குப் பரீட்சை, ஆபீஸில் மார்ச் கணக்கு. வாங்கியது எதுவும் பிரிக்கப்படாது, அதற்காகக் குற்ற உணர்ச்சியும் வேண்டாம். புரட்டாசியிலோ ஐப்பசியிலோ வரும் சரஸ்வதி பூஜை அன்று புத்தகத்தைத் தொடவே கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். படிக்காமல் இருக்கச் சாமியே லீவு கொடுத்த அந்த ஒரு நாளில்தான் ஏதாவது படிக்க வேண்டும் என்று கை பரபரக்கும். அப்புறம் தீபாவளி மலர். மழையும் பண்டிகையுமாக நீங்கள் ஐப்பசியில் படிக்கும் கதைகளைப் பத்திரிகைக்காரர்களான நாங்கள் எழுத்தாளர்களிடம் கேட்டு வாங்குவது ஆடி, ஆவணிப் புழுக்கத்தில். அவர்கள் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்துதான் அந்த மழையைப் பெய்யவைக்கிறார்கள். தொழில் ரகசியம், வெளியே சொல்லாதீர்கள்.

மழைக்காலத்துக்குக் கவிதை வைத்திருப்பது சரி. மழை ரசனையைக் கிளப்பும் என்பதற்காக இல்லை, கரண்ட் போவதற்குள் ஒரு கவிதையை முடித்துவிடலாம் என்பதற்காக. கார்த்திகையில் நல்ல பதிப்புகளை அலமாரியின் சுவரோடு ஒட்டிய பக்கத்தில் வைக்காதீர்கள், ஈரம் ஏறித் தாள் அலையலையாகிவிடும். வழுவழுத் தாளில் அச்சான மலர்கள் நனைந்தால் பக்கத்தோடு பக்கம் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் பிரிக்கப் பார்த்தால் படம் கிழியும்.

இப்போது மே. மதியம் பன்னிரண்டிலிருந்து நாலு வரை யாரும் வெளியே போக முடியாது, யாரும் வீட்டுக்கு வரவும் மாட்டார்கள், பிள்ளைகள் தாத்தா பாட்டி ஊரில். இவ்வளவு நீளமான மதியம் வேறு எந்த மாதத்தில் கிடைக்கும்? அந்த எழுநூறு பக்கத்தை இங்கே தூக்கிப் போடுங்கள். லேசான புத்தகம் எதற்கு?

ஒரு நூல் பெயர் கேட்டீர்களே, ரஷ்யாவுக்குப் போகும் முன், சங்க இலக்கியமான பத்துப்பாட்டில் ஒன்றாகிய நெடுநல்வாடை படியுங்கள். நக்கீரர் பாடியது, 188 அடி, இரண்டு மதியத்துக்குக் காணும். ஐப்பசி, கார்த்திகைக் குளிரான கூதிர் காலத்துப் பாட்டை வெயிலில் படிக்கச் சொல்கிறேன், வேண்டுமென்றேதான். ஆயர்கள் கொள்ளிக்கட்டையைப் பிடித்துக்கொண்டும் நடுங்குகிறார்கள், உட்கார்ந்த பறவை விறைத்துக் கீழே விழுகிறது, கறவை மாடு பால் குடிக்க வந்த கன்றையே உதைத்துத் தள்ளுகிறது. இரவா பகலா என்று தெரியாமல் வீட்டுப் புறா இரை தேடவும் போகாமல், இருந்த இடத்திலேயே மாறி மாறி உட்கார்ந்துகொண்டிருக்கிறது. பெண்கள் பிச்சி மொட்டு அவிழ்வதைப் பார்த்துத்தான் பொழுது சாய்ந்ததைத் தெரிந்துகொண்டு விளக்கேற்றுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் அந்த விசிறி. கைதேர்ந்த கம்மியன் அழகாகச் செய்து கொடுத்த விசிறியைச் சுருக்கி முளையில் மாட்டியிருக்கிறார்கள், யாரும் தொடாததால் அதில் சிலந்தி நூல் கட்டித் தொங்குகிறது. கூதிர் காலத்தில் இந்த வரியைப் படித்தால் 'ஆமாம்' என்று தாண்டிப் போய்விடுவோம். கரண்ட் போன மே மாத மதியத்தில், கையில் விசிறியோடு படித்துப் பாருங்கள், நக்கீரர் மேல் பொறாமையே வரும்.

மூலத்தை மட்டும் கையில் எடுத்தால் பத்தாவது வரியில் மூடிவிடுவீர்கள், உரையோடு படியுங்கள். உ.வே.சா. 1889-இல் பத்துப்பாட்டைப் பழைய உரையாசிரியர் நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்தார். அது கடினம் என்றால், எளிய உரைகள் நூலகத்தில் இருக்கும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் காசில்லாமலும் படிக்கலாம். டிசம்பர் காலியாகிவிட்டதே என்றால், ரஷ்ய நாவலை முடித்த பிறகு எழுதுங்கள், அப்போது பார்த்துக்கொள்ளலாம்.