கதகளிக் கலைஞர் மேடையேறும் முன் அணியறையில் என்ன நடக்கிறது?

வேடம் கட்ட ஏன் மூன்று நான்கு மணி நேரம் ஆகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். அதில் பெரும்பகுதி அவர் படுத்துக்கிடக்கும் நேரம்!

நான் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக்காரன். சிறுவயதில் திருவிழா இரவுகளில் அணியறை, அதாவது ஒப்பனை அறையின் வாசலே என் இடம். கலைஞர் முதலில் கண்ணாடி பார்த்துத் தாமே முகத்தில் கோடு வரைவார். பிறகு பாயில் மல்லாந்து படுப்பார். சுட்டி என்னும் வெள்ளை முகவிளிம்பை அமைக்கும் சுட்டிக் கலைஞர் தலைமாட்டில் அமர்ந்து, அரிசிமாவும் சுண்ணாம்பும் குழைத்த பசையைத் தாடையோரம் வரிவரியாக ஏற்றி, வெட்டிய காகிதத்தைப் பொருத்துவார். காயும்வரை முகம் அசையக் கூடாது. பலர் அப்படியே தூங்கிவிடுவார்கள். சுட்டி தனிப் படிப்பு. 1930-இல் தொடங்கிய கேரள கலாமண்டலம் என்ற கலைப் பயிற்சி நிறுவனத்தில் அதற்கென்றே பயிற்சி உண்டு. ஆனால் அரங்கின் கைதட்டல் சுட்டிக் கலைஞரை எட்டுவதே இல்லை. அது எனக்கு இன்றும் வருத்தம்.

முகத்தில் பூசும் பச்சை நிறம், மனயோலை என்ற மஞ்சள் தாதுவும் நீலமும் தேங்காய் எண்ணெயில் குழைத்தது. உடுத்துக்கட்டு என்னும் அகன்ற பாவாடை போன்ற உடைக்கு அடுக்கடுக்காகத் துணி சுற்ற உதவியாளர்கள் வேண்டும். கண் சிவக்க, சுண்டப் பூவின் விதையைக் கசக்கி இமைக்குள் வைப்பார்கள். கடைசியாகத்தான் கிரீடம், அதைத் தொட்டு வணங்கிய பிறகே தலையில் ஏற்றுவார்கள்.